எந்தப் பால்

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய பந்தி எட்டு வரி. அதைத் திருத்தித் தர எனக்குக் கால் மணி நேரம் போதும். நான்கு நாள் எடுத்துவிட்டேன். தொலைபேசியில் உன்னிடம், "என்ட கடிதம் வரும் வரைக்கும் தோளில ஒண்டும் பூசாத" என்று மட்டும் சொன்னேன். "ஏனப்பா?" என்றாய். "எழுதுறன்" என்றேன். "வாயால சொன்னா அது செய்தி இல்லையாக்கும்" என்று சிரித்தாய். இதை வாயால் சொல்லும் சந்தர்ப்பம் எனக்கு இருபத்தைந்து வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வாய் வேறொன்றைச் சொன்னது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பந்தி பத்திரிகைக்கானது. காயம் ஆறிய பிறகும் நிறுத்தத் தெரியாமல் தோல் கொலாஜன் என்ற புரதத்தைக் குவித்துக்கொண்டே போவதால், காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும் தழும்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். கெலோயிட் என்ற பெயரைப் போட்டு, பக்கத்திலேயே சாதாரண ஆளுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறாய்; நல்லது. பப்பாசிக்காயைக் கீறினால் வடியும் பாலில் புரதத்தை வெட்டும் நொதியம் இருக்கிறது, அதைச் சுத்திகரித்து, அளந்து, மெல்ல மெல்ல வெளிவரும்படி ஒரு களிம்புக்குள் அடைத்துப் பார்க்கிறோம் என்றும் எழுதியிருக்கிறாய். ஐந்தாவது வரியில் "இந்நொதியம் தழும்பைக் கரைக்கும்" என்று இருக்கிறது. கடைசி வரியில், சிறு வயதில் சுடுபால் கொட்டியதால் வந்த உன் சொந்தத் தழும்புதான் உன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று இருக்கிறது. கூடவே எனக்கு மட்டும் ஒரு குறிப்பு: அனுமதிக் குழுவின் பதில் வரப் பல மாதங்கள் ஆகும், அதற்குள் யாருக்கும் சொல்லாமல் முதலில் உன் தோளிலேயே கொஞ்சம் பூசிப் பார்க்கப் போகிறாய் என்று. மகன், அந்த ஐந்தாவது வரியும் பிழை, கடைசி வரியும் பிழை. இரண்டும் என்னிடமிருந்து உனக்கு வந்த பிழைகள்.

உனக்கு நாலு வயதில் கொப்புளிப்பான், அதுதான் சின்னம்மை, வந்தது. எல்லாப் புண்ணும் ஆறியது. இடது தோளில் ஒன்றை மட்டும் நீ சொறிந்துகொண்டே இருந்தாய். அது ஆறிய பிறகு மேலெழுந்து, ஒரு புளியங்கொட்டை அளவில், அதே நிறத்தில், அதே மினுமினுப்பில் நின்றது. ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குச் சட்டையைக் கழற்றியபோது ஒருவன் "அட்டை கடிச்சிட்டு இரிக்கு டோய்" என்று கத்தியிருக்கிறான். மறுநாளிலிருந்து வகுப்பு முழுவதற்கும் உன் பெயர் அட்டை. நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாய். அம்மா என்னிடம், "ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வாறான். இதுக்கு ஒரு மருந்தும் இல்லையாங்க? நாலு இடத்துக்குப் போற ஆள், யாரிட்டயும் கேட்டுப் பாருங்களன்" என்றாள். நான் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

அந்த யுத்த நாட்களில் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலிருந்து நிருபராக நான் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பிய செய்திகள் பெரும்பாலும் பெயர், வயது, ஊர், நேரம் என்ற நான்கு விவரங்களுக்குள் முடிந்துவிடும். யார், எங்கே, எத்தனை மணிக்கு இறந்து கிடந்தார் என்பதில் நான் பிழை விட்டதில்லை. ஒருவரின் பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் அடுத்த நாள் திருத்தம் போட வைப்பேன். அப்படி இருக்கையில் ஒரு நாள் ஞாயிறு இதழுக்கு நல்ல செய்தி ஏதாவது ஒன்று அனுப்பு, மட்டக்களப்பிலிருந்து வருவதெல்லாம் செத்த வீடாக இருக்கிறது என்று ஆசிரியபீடம் சொன்னது. செங்கலடிப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் ஓர் அம்மையார் பப்பாசிப் பாலை வைத்து ஏதோ செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அதில் புரதப் படலம் ஒன்று. நடுவில் ஒரு துளி பப்பாசிப் பால் விட்ட இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. "இப்பிடித் தழும்பையும் கரைக்குமா?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பேடு இப்போது என் முன்னால் இருக்கிறது. "கரைக்கக்கூடும். அவ்வளவுதான் சொல்லலாம். இது கண்ணாடித் தட்டு. நொதியத்துக்கு எது தழும்பு, எது நல்ல தோல் எண்டு தெரியாது." கடைசி வசனத்தின் கீழ் நானே கோடு போட்டிருக்கிறேன். முக்கியம் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மதிலுக்கு அப்பால் நின்ற அன்ரன் அங்கிளிடம் சொன்னேன். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், தச்சு வேலை செய்பவர், பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு அதை ஓட்டியதைவிடத் திருத்திய நேரம்தான் அதிகம். அவர் சிரியோ சிரியென்று சிரித்தார். "சேர், இதுக்கு ஏன் செங்கலடிக்குப் போனீங்க? எங்கட குசினிக்கு வந்திருக்கலாமே. கிழட்டு மாட்டிறைச்சிக்கு நாங்க பப்பாசிக்காய்தான் போடுறது. அரை மணித்தியாலத்தில பஞ்சாப் போயிரும்." அந்த உவமை எனக்குப் பிடித்துப்போனது. கட்டுரையின் தொடக்கமே அதுதான். பிறகு அவர், "அது சரி சேர், செத்த மாட்டுக்கு அப்பிடி. உசிரோட இரிக்கிற தோலுக்கு?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். கட்டுரையை எழுத உள்ளே போனேன்.

கட்டுரையைத் தொலைபேசியில் வாசித்துக் கொடுப்பதுதான் அப்போது வழக்கம். நான் வாசிக்க, மறுபக்கத்தில் துணை ஆசிரியர் எழுதுவார். முடிந்ததும் அவர், "தலைப்பு நீளம். 'தழும்பைக் கரைக்கக்கூடும் பப்பாசிப் பால்' ஒரு வரியில் நிக்காது. கூடும் என்பதை எடுத்தா நிக்கும். எடுக்கட்டா?" என்று கேட்டார். தலைப்பில் எடுத்தால் உள்ளே இரண்டு இடத்திலும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முரணாக இருக்கும் என்றும் சொன்னார். பின்னால் இரண்டு பேர் தொலைபேசிக்காகக் காத்து நின்றார்கள். எனக்கும் மனம் கொஞ்சம் இலேசாக இருந்த நாள் அது. முதல் தடவையாக என் பெயரின் கீழ் யாரும் சாகாத ஒரு செய்தி. "எடுங்க" என்றேன். நொதியத்துக்குத் தோல் தெரியாது என்ற வசனத்தை நான் வாசித்துக் கொடுக்கவே இல்லை. அது சந்தோஷத்தைக் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா அதை வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நீ பள்ளிக்கூடத்திலிருந்து சட்டைப் பொத்தான் அறுந்து வந்தாய். உன் அட்டையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேர் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்வளவில் நின்ற பப்பாசியில் ஒரு காயைக் கத்தியால் கீறி, வடிந்த பாலை ஒரு சாசரில் ஏந்தி, பஞ்சில் தொட்டு உன் தோளில் வைத்து, மேலே துணி சுற்றிக் கட்டியிருக்கிறாள். நீ, "எரியுதம்மா" என்றிருக்கிறாய். "கொஞ்சம் பொறு மனே. கரையுது, அதான் எரியுது. அப்பா பேப்பர்ல எழுதியிரிக்கார்." நீ பொறுத்திருக்கிறாய். எவ்வளவு நேரம் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அம்மாவால் சொல்ல முடியவில்லை. நான் மூன்று மணிக்குச் சைக்கிளில் பாலம் தாண்டி வரும்போது உன் அழுகை வீட்டுக்கு வெளியே ஒழுங்கைக்கே கேட்டது.

துணியை அவிழ்த்தேன். புளியங்கொட்டை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி என் உள்ளங்கை அளவுக்குத் தோல் போய்ச் சிவந்திருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது உன் முகம். உதடு வீங்கி, கண் இமை வீங்கி, நெஞ்சு விசில் போல இழுத்தது. அன்ரன் அங்கிள் காரை எடுத்தார். அன்று அது முதல் தடவையிலேயே இயங்கியது. உன்னை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் இருந்தேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பப்பாசி மணக்குது சேர்" என்றார். அதற்குப் பிறகு அவர் இறக்கும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன்னை வாங்கிய தாதி என்ன நடந்தது என்று கேட்டார். அம்மா, "பால் பட்டுட்டுது மிஸ்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தாதி எழுதிக்கொண்டே, "சுடுபாலா?" என்று கேட்டு நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "சேர், நீங்களா? ஞாயிற்றுக்கிழமை உங்கட பப்பாசிக் கட்டுரை வாசிச்சனான். எங்கட அக்காவுக்கும் வெட்டி அனுப்பினன். நல்லம் சேர்." அம்மா என்னைப் பார்த்தாள். தாதி பேனையை வைத்துக்கொண்டு, "சுடுபால் தானே?" என்றார். நான், "ஓம்" என்றேன்.

சற்று நேரத்தில் மருத்துவர் வந்தார். கெட்டிக்காரர். "சூடு பட்ட பிள்ளைக்கு ஏன் மூச்சு இழுக்குது? உதடு ஏன் வீங்கியிரிக்கு? முந்தியும் இழுப்பு வாறதா?" என்று கேட்டார். அவர் உண்மையின் வாசல் வரைக்கும் வந்துவிட்டார். "இடைக்கிடை வரும்" என்று நான் சொன்னேன். ஒருநாளும் வந்ததில்லை. அவர் ஊசி போட்டார், நீ தப்பினாய். அன்றிலிருந்து உன் பதிவேடுகளில் இரண்டு விவரங்கள் இருக்கின்றன: சுடுபால் காயம், சிறுவயது இழுப்பு. இரண்டும் நான் கொடுத்தவை. ஆறு வயது உனக்கும் சுடுபால் என்றே சொல்லிச் சொல்லி, உன் ஞாபகத்தையும் அதுவாக மாற்றிவிட்டேன். மற்றவர்களின் வாக்குமூலங்களைச் சரிபார்த்து எழுதிய நான், என் மகனின் உடம்பைப் பற்றிக் கொடுத்தது இரண்டு பொய்ச் செய்திகள்.

அடுத்த வாரம் அந்த ஆய்வுகூட அம்மையாரிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. முகவரியைத் தவிர அதில் இருந்தது ஒரே ஒரு வரி: "'கூடும்' எங்கே?" அதற்கு நான் பதில் எழுதவில்லை. திருத்தம் ஒன்று எழுதினேன், நான்கு வரி. அனுப்பினால் ஏன் என்று ஆசிரியபீடம் கேட்கும், சொன்னால் தாதிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். கிழித்துப் போட்டேன். தாதியின் அக்கா அதைப் பூசினாரா, வேறு யார் பூசினார்கள், எனக்குத் தெரியாது. அந்தத் தாதியை அதற்குப் பிறகு கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவேன். விசாரித்திருக்கலாம், விசாரிப்பதுதானே என் தொழில். இதை மட்டும் நான் விசாரிக்கவில்லை.

பின்வளவு மரத்தை மறுநாளே வெட்டினேன். அப்பாவுக்குப் பப்பாசி மணம் ஒத்துக்கொள்ளாது, அதனால் வீட்டில் வாங்குவதில்லை என்று நீ உன் நண்பர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்றும் இல்லை. செங்கலடிச் சந்தைக்குப் போகும் நாட்களில் பஸ் வரும் வரை நின்று ஒரு கீற்று வாங்கிச் சாப்பிடுவேன். பிறகு குழாயடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். உன்னைத் தொடும் கை என்பதால்.

தோல் போன இடமெல்லாம் ஆறும்போது உன் தோல் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தது. புளியங்கொட்டையாக இருந்தது ஒரு வருடத்துக்குள் கழுத்தெலும்பு வரைக்கும் படர்ந்தது. உனக்குப் பத்து வயதில் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். "கால் நோகுதப்பா, நான் இஞ்ச நிக்கிறன்" என்று சொல்லி நீ செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றாய். நான் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். என் தோளில் ஒரு கீறல் இல்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று என்ன கேட்பதென்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

இனி எழுதுவது எல்லாவற்றிலும் கடினமானது. அம்மா கடைசி வரைக்கும் அது தன் பிழை என்றே நினைத்திருந்தாள். "நான்தான் கூடப் பூசிட்டன். உங்கட கட்டுரையைச் சரியா வாசிக்கல்ல. கொஞ்சமாப் பூசியிருந்தா சரிவந்திரிக்கும்" என்பாள். கட்டுரையில் எவ்வளவு என்று இருக்கவே இல்லை. அவள் சரியாகத்தான் வாசித்தாள். நான் எழுதியதை எழுதியபடி நம்பினாள். சென்ற வருடம் அவள் படுக்கையில் கிடந்தபோது, நீ கொழும்பிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த காலையில், "அவன் இந்தப் படிப்புப் படிக்கிறதே என்னாலதானே" என்றாள். "அவனிட்ட நான் சொல்லணும். அவன்ட தோள்ல கூடப் பூசினது நான்தான் எண்டு." நான் அவளுடைய கையைப் பிடித்திருந்தேன். குறிப்பேடு அலுமாரியில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். "இல்ல, அதில ஒரு சொல் இருந்தது, நான்தான் எடுக்கச் சொன்னன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "பரவாயில்ல, விடு" என்றேன். மன்னிப்பது போலச் சொன்னேன். நீ வந்தபோது அவளால் கதைக்க முடியவில்லை. உன் தோளைத் தடவினாள். நீ அதைப் பாசம் என்று நினைத்தாய். பாசம்தான், ஆனால் அது மட்டும் அல்ல. ஒரு திருத்தம் போட வேண்டுமென்றால் வாசித்தவர் உயிரோடு இருக்க வேண்டும். அம்மாவுக்கு இனி நான் எதையும் திருத்த முடியாது.

உனக்குத் திருத்தலாம். அதுவும் நீ அந்தக் குறிப்பை அனுப்பியதால்தான். இல்லாவிட்டால் இதையும் நான் எழுதியிருக்க மாட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போன தடவை வந்தபோது, நொதியத் தூளை நிறுக்கும்போது தும்மல் நிற்பதில்லை, மணிக்கட்டில் தடிப்புத் தடிப்பாக வருகிறது, கொழும்புத் தூசி என்று சொன்னாய். அது தூசியாக இல்லாமல் இருக்கக்கூடும். நான் மருத்துவன் அல்ல. ஆனால் ஆறு வயதில் அந்தப் பால் உன் உடம்பில் பட்டபோது உன் உதடு வீங்கியதையும் மூச்சு இழுத்ததையும் காரணம் தெரிந்து கண்ணால் கண்டவன் நான் ஒருவன்தான் மிச்சம். ஒருமுறை அப்படிச் செய்த உடம்பு மறுமுறை இன்னும் மோசமாகச் செய்யக்கூடும் என்பதை என்னைவிட உனக்குத் தெரியும். உன் தோளில் ஒரு துளியும் வைக்காதே. அந்தத் தூள் இருக்கும் அறைக்குள் போவதற்கு முன் ஒவ்வாமை பார்க்கும் மருத்துவரிடம் போ. நீ இந்த வேலையையே விட வேண்டி வரக்கூடும். ஏழு வருடப் படிப்பு. அம்மா பெருமைப்பட்ட ஒரே விஷயம். இந்தக் 'கூடும்'களை எல்லாம் எடுத்துவிட்டு உனக்கு நல்ல செய்தி ஒன்று அனுப்ப எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

பந்தியைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரியில் "கரைக்கக்கூடும்" என்று மாற்றியிருக்கிறேன். இடம் போதாது என்று யாராவது சொன்னால் பந்தியையே போட வேண்டாம் என்று சொல். கடைசி வரியை வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்பதை நீதான் எழுத வேண்டும். அந்தக் கட்டுரை அச்சில் வந்தது, அதனால் இந்தக் கடிதமும் அச்சில் வருவதுதான் முறை. ஆனால் தோள் உன்னுடையது. நீ சம்மதித்தால் பத்திரிகைக்குக் கொடுப்பேன், இல்லாவிட்டால் இது உன்னிடமே இருக்கட்டும். என்னோடு கோபித்துக்கொண்டு நீ கதைக்காமல் இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்வேன். மருத்துவரைப் போய்ப் பார்த்தேன் என்ற ஒரு வரி மட்டும் எனக்கு எழுது.

மருத்துவர் உன் தோளைப் பார்ப்பார். இது எப்படி வந்தது என்று கேட்பார். பால் பட்டது என்று சொல்லாதே, மகன். எந்தப் பால் என்று சொல். அவர் எழுதி முடிக்கும் வரை எழும்பாதே. எழுதியதை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்.

அப்பா